உருண்டையிற் கண்ட திங்கள்

1969ஆம் ஆண்டு யூலை மாதம் 20ஆம் திகதி சந்திரனிலே மனிதர் இருவர் இறங்கினர் என்பதை யாவரும் அறிவர். ஆயின், அவர்கள் இறங்கிய இடம் சரியாக எது என்பதை அன்று ஒருவருமே அறிந்திருக்கவில்லை என்பது பலருக்குத் தெரியாத செய்தி. ஆம்ஸ்ட்ரோங்கும் ஓல்ட்ரினும் கீழே நிற்க, மூன்றாமவராகிய மைக்கேல் கொலின்ஸ் தாய்க்கலத்தில் தனித்திருந்து, ஏறத்தாழ 110 கிலோமீற்றர் உயரத்திலே, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாகச் சந்திரனைச் சுற்றிக்கொண்டிருந்தார். கையிலே கட்டங் கட்டமாகக் கோடிட்ட நிலப்படம். கண்ணிலே தூரத்துப் பொருளைப் பெரிதாக்கிக் காட்டும் கோணமானி. ஹூஸ்டன் நகரிலிருந்து கட்டுப்பாட்டு நிலையத்தார் ஒரு சுற்றிலே ஒரு கட்டத்தைக் குறித்து, ‘அங்கே தேடும்’ என்பர். மறு சுற்றிலே வேறொரு கட்டத்தைச் சொல்லுவர். அவரும் தேடினார். குழிகளையும் பாறைகளையும் கண்டாரேயன்றித் தம் தோழர் இறங்கிய கலத்தைக் கடைசிவரை கண்டாரல்லர். குறித்த இடத்தைத் தாண்டி ஏறத்தாழ 6 கிலோமீற்றருக்கு அப்பால் அவர்கள் இறங்கியிருந்தனர்.

உலகிலேயே மிகச் சிறந்த நிலப்படத்தைக் கையிலே வைத்திருந்தவர், அந்த இடத்துக்கு நேர் மேலே பறந்தும், கண்டுபிடிக்க முடியவில்லை. இன்றோ, வீட்டிலுள்ள கணினியிலே சந்திரக் கோளமொன்றைத் திறந்து, விரலால் உருட்டி, அமைதிக் கடலின் தென்மேற்கு மூலையிலே அந்த இடத்தைப் பள்ளிச் சிறுவன் ஒருவன் அரை நிமிடத்திற் காட்டிவிடுவான். அவன் உருட்டுவது மெய்நிகர் கோளம் எனப்படும் மென்பொருள். இது ஒருநாளிலே தோன்றிய வித்தை அன்று. சந்திரனை ஒரு தட்டாகக் காண்பதை விட்டு, அதனை உருண்டையாக்கிக் கையிலே வைத்துச் சுற்றிப் பார்க்கவேண்டும் என்ற ஆசை முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையது. அந்த ஆசையின் வரலாற்றையே இன்று நேயர்களோடு பேச எண்ணுகிறேன்.

முதலிலே இடர்ப்பாடு யாதென அறிதல் வேண்டும். கோயிலை வலம் வருபவர் எப்போதும் தம் வலத் தோளைக் கருவறைப் பக்கமாகவே வைத்துக்கொண்டு நடக்கின்றார். ஒரு முறை வலம் வந்து முடிப்பதற்குள், தம்மை அறியாமலே தாமும் ஒரு முறை சுழன்றுவிடுகிறார். சந்திரனும் அவ்வாறே. பூமியை ஒரு முறை சுற்றுவதற்கு எடுக்கும் 27.3 நாளிலேயே தன்னைத்தானும் ஒரு முறை சுற்றிக்கொள்வதால், என்றும் ஒரே முகத்தையே நமக்குக் காட்டுகின்றது. முகத்தின் நடுப்பகுதி நேராகத் தெரியும். விளிம்புக்குச் செல்லச் செல்ல வட்டக்குழிகள் நசுங்கி நீள்வட்டமாகி, இறுதியிலே வெறுங் கீறல்களாகிவிடும்.

ஒரு சிறு சலுகையை இயற்கை நமக்கு அளித்திருக்கின்றது. சந்திரன் செல்லும் பாதை, அதாவது அதன் ஒழுக்கு, சரியான வட்டம் அன்று. ஏறத்தாழ 356,000 கிலோமீற்றர் வரை நெருங்கி வந்து, 406,000 கிலோமீற்றர் வரை விலகிச் செல்லும் நீள்வட்டம் அது. நெருங்கும்போது விரைவாகவும் விலகும்போது மெதுவாகவும் செல்லும் சந்திரன், தன்னைத்தான் சுழலும் வேகத்தை மட்டும் மாற்றுவதில்லை. ஆதலால் ஒரு மாதத்துக்குள் கிழக்கு விளிம்பிலே கொஞ்சமும் மேற்கு விளிம்பிலே கொஞ்சமும் அதிகமாக எட்டிப் பார்க்க இயலுகின்றது. ஒழுக்கின் சாய்வினால் வடக்கிலும் தெற்கிலும் அவ்வாறே. இந்தத் தலையசைப்பின் பயனாக, பாதிக்குப் பதிலாக நூற்றுக்கு 59 பங்கு மேற்பரப்பை நாம் பூமியிலிருந்தே பார்க்கலாம். எஞ்சிய 41 பங்கை எந்தத் தொலைகாட்டியும் காட்டாது.

தொலைகாட்டியைக் கொண்டு சந்திரனை முதலில் வரைந்தவர் கலிலியோ என்றே பலரும் கருதுவர். இங்கிலாந்திலே தோமஸ் ஹரியட் என்பார் 1609ஆம் ஆண்டு யூலையிலேயே, கலிலியோவுக்குச் சில மாதம் முன்னராக, ஒரு படம் வரைந்திருக்கின்றார். எனினும் மலையும் பள்ளமும் நிழலும் உள்ள ஓர் உலகமாகச் சந்திரனைக் கண்டுணர்ந்தவர் கலிலியோவே. ஹெவேலியஸ் 1647இல் பெரிய நூலொன்று வெளியிட்டார். 1651இல் இத்தாலியப் பாதிரியாராகிய ரிச்சியோலி, தம் தோழர் கிரிமால்டி வரைந்த படத்துக்குப் பெயர்களை இட்டார். கொலின்ஸ் தேடிய அமைதிக் கடலுக்கு அப்பெயர் வழங்கியவரும் அவரே. பூமி சுற்றுகின்றது என்ற கொப்பர்னிக்கசின் கொள்கையை நூலிலே மறுத்த அந்தப் பாதிரியார், மிக அழகிய வட்டக்குழி ஒன்றுக்குக் கொப்பர்னிக்கஸ் என்றே பெயரிட்டு, அதனைப் புயற் பெருங்கடலிலே வைத்தது சுவையான செய்தி. தண்டனையாக வைத்தாரோ, மரியாதையாக வைத்தாரோ, அவருக்கே வெளிச்சம்.

இவை யாவும் தட்டையான தாள்கள். இவற்றை உருண்டையாக்கத் துணிந்தவர்களே நம் கதைக்குரியவர்கள். இலண்டன் மாநகரிலே தூய பவுல் தேவாலயத்தைப் பின்னாளிற் கட்டிய கிறிஸ்தோபர் ரென் என்னும் சிற்பி, அதற்கு முன்னர் வானூலறிஞராக விளங்கியவர். அவர் 1661இல், மேடு பள்ளங்களோடு கூடிய சந்திர உருண்டை ஒன்றைச் செய்து இரண்டாம் சார்ள்ஸ் மன்னருக்கு அளித்தார். மன்னர் அதனைத் தம் அரும்பொருட் கூடத்திலே வைத்துப் போற்றினார் என்பர். அந்த உருண்டை இன்று இல்லை.

அடுத்த நூற்றாண்டிலே ஜேர்மனியில் தொபியாஸ் மாயர் என்பவர் தோன்றினார். தொலைகாட்டிக்குள்ளே நுண்ணளவுக் கருவி பொருத்தி, சந்திரக் குழிகளின் இடத்தை அகலக்கோடு, நெடுங்கோடு என்ற முறையிலே அளந்து கணித்த முதல்வர் அவர். சந்திரனின் தலையசைப்பையும் கணக்கிற் சேர்த்துக்கொண்டார். உருண்டை செய்து விற்பதாக அறிவித்தும் அது நிறைவேறவில்லை. 39ஆம் வயதிலே, 1762இல், அவர் இறந்துபோனார். ஆனால் சந்திரன் இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் நிற்கும் என்று காட்டும் அவருடைய வாய்பாடுகள் நடுக்கடலிலே கப்பலின் நெடுங்கோட்டை அறிய உதவியமையால், 1765இல் பிரித்தானிய அரசு அவருடைய கைம்பெண் மனைவிக்கு 3,000 பவுண் வழங்கியது. சந்திரனின் முகத்தை அளந்தவரும் அதன் வழியைக் கணித்தவரும் ஒருவராகவே இருந்தமை தற்செயல் அன்று. தலையசைப்பை அறியாமல் முகத்தை வரைய இயலாது. ஒழுக்கை அறியாமல் தலையசைப்பை அறிய இயலாது.

ஒழுக்கைப் பற்றிப் பேசும்போது நம்மவர் கணிதத்தைச் சொல்லாமற் போவது முறையன்று. சந்திரன் பூமிக்கு மிக நெருங்கிய நிலையிலிருந்து புறப்பட்டு மீண்டும் அந்நிலைக்கு வரும் காலம் 9 முறை நிகழ, ஏறத்தாழ 248 நாள் செல்லும். இதனை உணர்ந்த பழைய கணிதர்கள், அந்த 248 நாளுக்கும் சந்திரன் நிற்கும் இடத்தை நாளுக்கொரு வாக்கியமாக அமைத்து, எண்களை எழுத்துக்களில் ஒளித்து, மனப்பாடஞ் செய்துவிட்டனர். நம் வீடுகளிலே இன்றும் புழங்கும் வாக்கிய பஞ்சாங்கத்தின் பெயருக்குக் காரணம் இதுவே. ராகு, கேது என்று நாம் வழங்குபவையும் வெறுங் கற்பனைப் பாம்புகள் அல்ல. சந்திரனின் வழி சூரியனின் வழியை வெட்டும் இரு புள்ளிகள் அவை. ஏறத்தாழ 18.6 ஆண்டுக்கு ஒரு முறை அவை பின்னோக்கி வானத்தை வலம் வந்து விடுகின்றன.

சென்னை வானிலையத்திலே கடமையாற்றிய ஜோன் வாரன் என்னும் ஆங்கிலப் படையதிகாரி 1825இல் தாம் வெளியிட்ட ‘கால சங்கலித’ என்ற நூலிலே ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார். தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், ஒரு தாளும் எழுத்தாணியும் இல்லாமல், நிலத்திலே சோழிகளைப் பரப்பி நகர்த்தியபடி, மனனஞ் செய்த வாக்கியங்களைக் கொண்டு, அவ்வாண்டு மே மாத இறுதியில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்திலே அவர் கணக்கு 4 நிமிடமே பிசகியது. நடுவிலே 23 நிமிடமும் முடிவிலே 52 நிமிடமும் பிசகின. கணித வரலாற்றறிஞர் நொய்கெபவர் 1952இல் இச்செய்தியை ஆராய்ந்து, மிகத் தொன்மையான கணித மரபொன்று தமிழகத்திலே உயிரோடிருந்தமைக்கு இது சான்று என்று காட்டினார். சோழியை நகர்த்தியவரும் இன்று திரையிலே நாளையும் மணியையும் மாற்றிச் சந்திரனை நகர்த்துபவரும் செய்வது ஒரே தொழிலையே. பின்னவருடைய மனப்பாடத்தைக் கணினி செய்கின்றது என்பதே வேறுபாடு.

நிற்க. ரென், மாயர் ஆகியோரின் ஆசையை முழுமையாக்கியவர் ஓர் ஓவியர். மனித முகங்களை வண்ணக்கோலால் வரைந்து புகழ்பெற்று, இங்கிலாந்து மன்னருக்கே ஓவியராக இருந்த ஜோன் ரசல், இரவுகளைச் சந்திரனுக்கென்றே ஒதுக்கினார். இரு பதிற்றாண்டுகளாக அதன் முகத்தை வரைந்து பழகிய பின், 1797இல் ‘செலனோகிராபியா’ என்னும் கருவியை வெளியிட்டார். பித்தளைத் தாங்கியிலே ஒரு சந்திர உருண்டை; அருகே ஒரு சிறு பூமி; இடையே பற்சக்கரங்கள். அவற்றைத் திருப்பினால், சந்திரன் எந்நாளில் எப்பக்கமாகத் தலையசைக்கும் என்பதைக் காணலாம். கணினித் திரையிலே நாம் இன்று செய்வதை அந்த ஓவியர் பித்தளையிலே செய்து வைத்தார். அக்கருவியிலே என் மனத்தை மிகவும் கவர்ந்தது வேறொன்று. பூமிக்குத் தெரியாத மறுபுறத்தை அவர் வெறுமையாக விட்டுவிட்டார். கற்பனையாலே சில குழிகளை வரைந்து நிரப்பியிருந்தால் உருண்டை இன்னும் அழகாக இருந்திருக்கும், விலையும் கூடியிருக்கும். முகங்களை உள்ளபடி வரைந்து பழகிய கை, காணாத முகத்தை வரைய மறுத்துவிட்டது.

பின்னர் பேர்லின் நகரிலே பீர், மெட்லர் என்னும் இருவர் 1834க்கும் 1836க்கும் இடையிலே வெளியிட்ட பெரும்படம் நெடுங்காலம் அறிஞர்க்கு ஆதாரமாக இருந்தது. ஹனோவர் நகரத்து வில்லெல்மினே விட்டே என்னும் பெண்மணி, அந்தப் படத்தைத் துணைக்கொண்டும் தாமே தொலைகாட்டியிற் பார்த்தும், மேடு பள்ளங்களைக் கையால் வனைந்து ஓர் உருண்டை செய்தார். மெட்லர் 1840இல் மணந்தது இவருடைய மகளையே. புகைப்படக் கருவி வந்ததும் வரைபவரின் கை ஓய்ந்தது. ஆனால் மறுபுறம் மட்டும் வெறுமையாகவே கிடந்தது.

அந்த வெறுமையை 1959ஆம் ஆண்டு ஒக்டோபர் 7ஆம் திகதி சோவியத் நாட்டின் மூன்றாம் லூனா கலம் கலைத்தது. சந்திரனுக்குப் பின்புறமாகச் சென்று, அங்கே 29 படம் பிடித்து, பிலிமைக் கலத்துக்குள்ளேயே கழுவி உலர்த்தி, வானொலி அலைவழியாகப் பூமிக்கு அனுப்பியது. படங்கள் மங்கலானவை, ஆயினும் மனிதர் கண்ட முதல் மறுபுறம் அதுவே. கடல்கள் எனப்படும் கரும்பரப்புக்கள் அங்கே மிகக் குறைவு என்பது எவரும் எதிர்பாராத புதுமை. அப்படங்களிலே நீண்டதொரு வெண்கோட்டைக் கண்டு, அது மலைத்தொடர் என்று கருதி, ‘சோவியத் மலைகள்’ என்று பெயரிட்டனர். அதன்பின் தெளிவான படங்கள் வந்தபோது, அங்கே மலையே இல்லை, வெண்மையான மண்படிவின் கோடுதான் உண்டு என்று தெரிந்தது. பெயர் பட்டியலிலிருந்து நீங்கியது. ரசல் ஏன் வெறுமையாக விட்டார் என்பதை உணர்வதற்கு இதனினும் நல்ல உரை வேண்டுவதில்லை.

இனி, இக்கதையிலே நான் மிகவும் விரும்பும் கட்டத்துக்கு வருகின்றேன். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டூசன் நகரிலே, ஜெராட் கைப்பர் என்னும் அறிஞர் சந்திர ஆராய்ச்சி நிலையமொன்றை 1960இல் நிறுவினார். விளிம்பிலே நசுங்கித் தெரியும் பகுதிகளை நேராக்குவதற்கு அவர் கையாண்ட வழி வியக்கத்தக்க எளிமையுடையது. தொலைகாட்டியாற் பிடித்த சந்திரப் படத்தை, திரைப்படம் காட்டுவது போல ஒளிபாய்ச்சி, வெள்ளை பூசிய ஓர் உருண்டையின் மேல் விழச் செய்தார். பிறகு, முன்னே நின்று பார்ப்பதை விட்டு, பக்கவாட்டிலே போய் நின்று அந்த உருண்டையைப் படம் பிடித்தார். நசுங்கிய வட்டம் மீண்டும் வட்டமாகியது. சந்திரனுக்கு மேலாகப் பறந்து சென்று பார்த்தது போல ஆயிற்று. செலவோ ஓர் உருண்டையும் ஒரு விளக்கும்.

அங்கே வில்லியம் ஹார்ட்மன் என்னும் மாணவர் இந்த வேலையிலே ஈடுபட்டிருந்தார். மேற்கு விளிம்பிலே தொலைகாட்டிக்காரர்களுக்குச் சில கருங்கீறல்களும் சில மலைக் கீற்றுக்களுமாகவே தெரிந்த இடத்தை உருண்டையின் பக்கவாட்டிலே நின்று அவர் பார்த்தபோது, அம்பெறிவோர் இலக்குப் பலகை போல, ஒன்றுள் ஒன்றாக அமைந்த மாபெரும் வளையங்கள் தென்பட்டன. ஏறத்தாழ 930 கிலோமீற்றர் அகலமுள்ள ‘ஒரியென்டாலே’ என்னும் பெரும்பள்ளம் அது. கைப்பரும் அவரும் 1962இல் அதனை அறிவித்தனர். வானிலிருந்து மோதிய பெரும்பாறைகளே இத்தகைய வளையப் பள்ளங்களை அகழ்ந்தன என்ற கருத்துக்கு அது வலுவான அடிப்படையாயிற்று. அந்தப் படங்களிலே புதிதாக ஒரு புள்ளியும் இல்லை என்பதை நேயர்கள் கவனித்தல் வேண்டும். பல ஆண்டாகப் பலர் பார்த்த படங்களே. தட்டையாயிருந்ததை உருண்டையின் மேல் இட்டு, காலை எடுத்துப் பக்கத்திலே வைத்தார், அவ்வளவே. கணினிக் கோளத்தின் தத்துவமெல்லாம் டூசன் நகரத்து அந்த இருட்டறையிலே உண்டு. ஒரியென்டாலே என்றால் கீழ்த்திசைக்குரியது என்று பொருள், இருப்பதோ மேற்கிலே. வானூலார் 1961இல் சந்திரனின் கிழக்கு மேற்கை மாற்றிக்கொண்டதனால் நேர்ந்த வேடிக்கை இது.

உருண்டையைப் பார்ப்பது போதாது, அதனைச் சுற்றிப் பறக்கவும் வேண்டும் என்ற நிலை அப்பல்லோத் திட்டத்தாலே வந்தது. வேர்ஜீனியா மாநிலத்து லாங்லி ஆராய்ச்சி நிலையத்திலே, ஏறத்தாழ 20 இலட்சம் டொலர் செலவிலே, ‘லோலா’ என்று சுருக்கப் பெயர் கொண்ட பயிற்சிக் கருவி ஒன்றை அமைத்தனர். 20 அடி விட்டமுள்ள சந்திர உருண்டை ஒன்று. ஓரங்குலத்துக்கு 9 மைல் என்ற அளவிலே கையால் வண்ணந் தீட்டியது. அதன் அருகே தண்டவாளத்திலே தொலைக்காட்சிக் கமரா நகரும். விமானி ஒரு சிற்றறையிலே அமர்ந்து, கமரா காண்பதைத் தம் சாளரத்திலே காண்பார். இன்னும் அண்மிச் செல்வதற்கு, மேடுபள்ளம் வைத்த பெரிய நிலத்தட்டிகள் மூன்று. ஒன்றை விட்டு ஒன்றுக்கு மாறும்போது உயரம் குறைந்துகொண்டு வரும். கணினித் திரையிலே நாம் அண்மிச் செல்லும்போது, பரும்படியான படம் மறைந்து நுட்பமான படம் தோன்றுகின்றதே, அதே உபாயம்தான். அவ்வளவு செலவழித்த கருவி, வீரர்களுக்குப் பெரிதாகப் பயன்படவில்லை என்றே வரலாற்றாசிரியர் கூறுவர். ஒழுக்கிலே சுற்றும் இரு கலங்களை ஒன்றோடொன்று சேர்ப்பதுதான் கடினமான வேலையாக இருந்தது. அதற்கு வண்ண உருண்டை உதவாது.

1966, 1967 ஆகிய ஈராண்டிலும் லூனார் ஓர்பிற்றர் என்னும் ஐந்து கலங்கள் சந்திரனைச் சுற்றி, அதன் மேற்பரப்பிலே நூற்றுக்கு 99 பங்கைப் படம் பிடித்தன. கலத்திலேயே பிலிமைக் கழுவி, நாடா நாடாகக் கீறிப் பார்த்து அனுப்பியமையால் அப்படங்களிலே குறுக்குக் கோடுகள் ஓடும். அக்கலங்கள் தந்த செல்வம் படங்கள் மட்டுமன்று. அவை வரும் வழியைக் கூர்ந்து கவனித்த மல்லர், ஷோக்ரென் என்னும் இருவர், சில கடல்களுக்கு மேலே வரும்போது கலத்தின் வேகம் சற்றே மாறுவதைக் கண்டு, அக்கடல்களின் அடியிலே அடர்ந்த திணிவு புதைந்திருக்கின்றது என்று 1968இல் அறிவித்தனர். ஒழுக்கின் நெளிவே நிலத்தின் உள்ளடக்கத்தைக் காட்டிக்கொடுத்தது. கணினிக் கோளத்திலே ஒழுக்கு என்பது கம்பி வளைத்தது போன்ற ஒரு நேர்த்தியான கோடு. உண்மையில் அது அப்படியன்று. 1972 ஏப்பிரலிலே பதினாறாம் அப்பல்லோ விட்டுச் சென்ற ஒரு சிறு உபகோள், ஓராண்டுக்கு மேல் சுற்றும் என்று எதிர்பார்க்கப்பட்டது. 35 நாளிலே நிலத்தில் மோதி அழிந்தது. தாழ்வான ஒழுக்குக்களிலே, 27, 50, 76, 86 பாகை அளவான சாய்வுகளில் மட்டுமே கலங்கள் நீடித்து நிற்கும் என்பது பின்னர் விளங்கியது.

அந்த ஓர்பிற்றர் படங்களின் கதி என்ன ஆயிற்று என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பூமியிலே அவற்றை ஏற்ற நிலையங்கள் முழு நுட்பத்தோடு காந்த நாடாக்களிலே பதிந்தன. உலகம் கண்ட அச்சுப் பிரதிகளோ பிலிமிலிருந்து பிலிமாகப் படியெடுத்து மங்கியவை. நாடாக்கள் ஏறத்தாழ 1,500. காலம் செல்ல, அவற்றை வைப்பதற்கு இடமில்லை, அழித்துவிடலாமா என்ற கேள்வி எழுந்தது. கலிபோர்னியாவிலுள்ள ஜெட் உந்துகை ஆய்வுகூடத்திலே பணிபுரிந்த நான்சி எவன்ஸ் என்னும் அம்மையார் அதற்கு உடன்படவில்லை. நாடாக்களைக் காத்ததோடு, அவற்றை ஓட்டக்கூடிய ஆம்பெக்ஸ் இயந்திரங்கள் சிலவற்றையும் தேடிப் பெற்றுத் தம் சொந்த இடத்திலே வைத்துப் பாதுகாத்தார். ஒவ்வொன்றும் ஆளுயரப் பெட்டி. வீட்டிலே அவற்றை வைத்திருப்பதன் சிரமத்தை எண்ணிப் பாருங்கள். ஒலிநாடாவோடு பழகியவர்கள் இதன் அருமையை நன்கு உணர்வர். நாடா இருந்தும் ஓட்டும் பொறி இல்லையென்றால், அது வெறும் பழுப்பு ரிப்பன்.

இருபது ஆண்டுக்குப் பின்னர் டெனிஸ் விங்கோ, கீத் கௌவிங் என்னும் இருவர் இதனைக் கேள்வியுற்று, இயந்திரங்களையும் நாடாக்களையும் ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டு வந்தனர். அவர்களுக்குக் கிடைத்த கட்டடம், மூடிக் கிடந்த ஒரு மக்டொனால்ட்ஸ் உணவுச்சாலை. இறைச்சி பொரித்த இடத்திலே இயந்திரங்களைப் பழுது பார்த்து, 2008 நவம்பரிலே முதற்படத்தை மீட்டனர். 1966 ஓகஸ்ட் 23ஆம் திகதி முதலாம் ஓர்பிற்றர் பிடித்தது அது; சந்திரனின் அடிவானுக்கு மேலே பிறைபோலப் பூமி நிற்கும் காட்சி. பழைய பிரதியிலே கரியும் வெள்ளையுமாகத் தெரிந்த இடத்திலெல்லாம் இப்போது பாறைகளும் பள்ளங்களும் தெளிவுற்றன. ஒரு பெண்மணி ‘வேண்டாம்’ என்று சொல்லியிராவிட்டால், நாற்பதாண்டுக்கு முந்திய சந்திரனின் முகம் நமக்குக் கிடைத்திராது. புதிய கலங்கள் பிடித்த படங்களோடு அந்தப் பழைய முகத்தை ஒப்பிட்டு, இடையிலே எங்கே புதுக்குழி விழுந்தது என்று பார்க்கவும் வழியிராது.

மென்பொருட் கோளங்கள் இதற்குள்ளாகவே வந்துவிட்டன. கிறிஸ் லோரெல் என்பவர் 2001இல் இலவசமாக வெளியிட்ட ‘செலஸ்ரியா’, சூரிய குடும்பத்தின் ஒழுக்குக்களிலே நினைத்தபடி உலாவ வழி செய்தது. கூகிள் நிறுவனம் 2005 யூலை 20ஆம் திகதி சந்திரப் படமொன்றை இணையத்தில் வைத்தது. மிகவும் அண்மிச் சென்றால் நிலத்துக்குப் பதிலாகப் பாலாடைக் கட்டி தெரியும்படி ஒரு குறும்பும் செய்திருந்தது. சந்திரன் பாலாடைக் கட்டியாலானது என்பது மேல்நாட்டார் பழங்கதை. சரியாக நான்காண்டு கழித்து, மனிதர் இறங்கிய நாற்பதாம் ஆண்டு நிறைவிலே, முழுச் சந்திர உருண்டையும் கூகிள் எர்த்திலே சேர்ந்தது. அதன் மேடு பள்ளங்கள் ஜப்பானியரின் ககுயா என்னும் கலம் அளந்தவை. 2007 செப்டெம்பரிற் புறப்பட்ட அது, உருண்டை வெளிவருவதற்கு ஒரு மாதம் முன்னரே, 2009 யூனிலே, பணி முடிந்து சந்திரனில் மோதி மறைந்திருந்தது.

இதன் உள்ளமைப்பு விளங்குவதற்குக் கடினமானதன்று. முழுச் சந்திரனின் படத்தைச் சதுரங்களாக வெட்டி வைக்கின்றனர். ஒவ்வொரு சதுரத்துக்கும் கீழே, அதன் நான்கு காற்பகுதிகளையும் தனித்தனி பெரிதாக்கிய நான்கு சதுரங்கள், அவற்றின் கீழே பதினாறு, இப்படியே அடுக்கு. நம் கண்ணுக்கு முன்னே வரும் சதுரங்களை மட்டுமே கணினி வரவழைக்கும். உயரங்களை முக்கோண வலையாகப் பின்னி, அதன் மேலே படத்தைத் துணி போலப் போர்த்தும். 2009இல் ஏவப்பட்ட அமெரிக்கச் சந்திர ஆய்வுக் கலத்திலே ஓர் ஒளிக்கற்றை உயரமானி உண்டு. அது செக்கனுக்கு 28 முறை ஒளிவிட்டு, ஒவ்வொரு முறையும் ஐந்து புள்ளிகளின் உயரத்தை அளக்கும். அதற்கும் சுருக்கப் பெயர் ‘லோலா’. வண்ணந் தீட்டிய 20 அடி உருண்டையின் பெயரை, அந்த உருண்டை எட்ட விரும்பிய உண்மையை அளக்கும் கருவி தாங்கி நிற்கின்றது. இந்தியாவின் முதலாம் சந்திரயான், 2008 ஒக்டோபரில் மயில்சாமி அண்ணாதுரையைத் திட்ட இயக்குநராகக் கொண்டு சென்று, பத்து மாத வாழ்விலே நிலத்தோற்றக் கமராவின் படங்களையும், நீரின் அடையாளத்தை உணர்ந்த அமெரிக்கக் கருவியின் அளவுகளையும் தந்து இதே செல்வத்தைப் பெருக்கியது.

இத்தனை நேர்த்தியான உருண்டையிடம் எனக்கொரு மனக்குறை உண்டு. ரசலின் உருண்டை தெரியாததைத் தெரியாது என்று காட்டியது. திரையிற் சுழலும் உருண்டையிலே வெறுமையே இல்லை. அளந்த இடமும், அளந்த இரு புள்ளிகளுக்கிடையே கணினி ஊகித்து நிரப்பிய இடமும் ஒரே மாதிரி வழவழப்பாகத் தெரிகின்றன. வெவ்வேறு நாளிலே வெவ்வேறு வெயிலிற் பிடித்த படங்களை ஒட்டுவதால், நிழலும் படத்தோடு ஒட்டிக்கொண்டு வருகின்றது. அங்கே காலையும் மாலையும் அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம்.

இடங்குறிப்பதும் எளிதன்று. 1970 நவம்பரிலே சோவியத் நாட்டார் மழைக் கடலில் இறக்கிய முதலாம் லூனோகோட் என்ற எட்டுச் சக்கர வண்டியின் முதுகிலே, பிரான்சு நாட்டார் செய்த ஒளித்தெறிப்புக் கருவி ஒன்று இருந்தது. பூமியிலிருந்து ஒளிக்கற்றை பாய்ச்சினால் அது திருப்பி அனுப்பும். போய்வரும் நேரத்தைக் கொண்டு சந்திரனின் தூரத்தை விரலளவு பிசகாமல் அறியலாம். 1971இல் வண்டி அடங்கிய பின்னர், பல்லாண்டுகளாக எவராலும் அதனைப் பிடிக்க இயலவில்லை. படங்களிலே குறித்திருந்த இடம் சில கிலோமீற்றர் தவறு. 2010 மார்ச்சிலே அமெரிக்கக் கலத்தின் படத்திலே வண்டி ஒரு வெண்புள்ளியாகத் தெரிந்தது. ஏப்பிரல் 22ஆம் திகதி நியூ மெக்சிக்கோவிலிருந்து பாய்ச்சிய ஒளிக்கு அது முதன்முறையே தெளிவாகப் பதில் தந்தது. ஏறத்தாழ நாற்பதாண்டாக அது அங்கேயே காத்துக் கிடந்தது. நாம்தான் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருந்தோம். இத்தகைய தெறிப்புக் கருவிகளே திரை உருண்டையின் அகலக்கோட்டுக்கும் நெடுங்கோட்டுக்கும் இன்று ஆணி அடித்து நிற்கின்றன.

கணினி உள்ள நேயர்கள் அந்த உருண்டையை ஒரு முறை மேற்கு விளிம்புக்குத் திருப்பிப் பாருங்கள். ஹார்ட்மன் கண்ட வளையங்கள் முழு வட்டமாக எதிரே வந்து நிற்கும். வெளிவளையத்தின் பெயர் கோர்டில்லேரா மலைகள். பின்னர், தேய்பிறையிலே, சந்திரன் தன் மேற்கு விளிம்பை நம் பக்கமாகச் சாய்க்கும் இரவொன்றைத் தேர்ந்து, சிறு தொலைகாட்டியோடு முற்றத்துக்குச் செல்லுங்கள். வட்டம் தெரியாது. விளிம்பை ஒட்டி, மயிரிழை போன்ற கருங்கீறலும் அதன் ஓரத்திலே இரண்டொரு மலைமுடியும் தெரியும்.